மேடையில் நான், பெட்டியில் குருதி!

"தம்பி, மறைக்காமல் சொல். நான் இன்னும் எத்தனை நாள்?"

கேட்டவர் எழுபதைக் கடந்த பெரியவர். நான் மேடை ஏறக் கற்பதற்கு முன்பே கொடி ஏந்தியவர். நான் பிறப்பதற்கு முன்பே கூட்டத்துக்குப் பாய் விரித்தவர். கல் பறந்து வந்த நாளிலும் கலங்காத அந்தக் கண்கள் அன்று கலங்கி நின்றன. நடுங்கும் கையில் ஒரு தாள். தாளிலே ஓர் எண்: 6.9.

பொட்டாசியம் என்பது அதன் பெயர். நம் குருதியில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய உப்பு அது. ஆறரையைத் தாண்டினால் இதயம் எந்த நேரமும் தாளம் தப்பலாம். தப்பினால் நின்றும் போகலாம். யாரோ படித்த பிள்ளை அதை அவரிடம் விளக்கிச் சொல்லியிருக்கிறான். சொன்னது பொய்யன்று, மெய்தான் தோழர்களே! அந்த எண் மட்டும் அவருடையதாக இருந்திருந்தால்!

மகளுக்குத் தெரிய வேண்டாம் என்று எண்ணி, பேருந்து நிற்குமிடத்தில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று எண்ணி, இரண்டு மைல் நடந்தே வந்திருந்தார். இதயம் நின்றுபோக வேண்டிய மனிதர், வெயிலிலே இரண்டு மைல் நடந்து வந்து, என் வீட்டுத் திண்ணையிலே அமர்ந்து, "தண்ணீர் கொடு" என்றுகூடக் கேட்காமல், தம் ஆயுளுக்குக் கணக்குக் கேட்கிறார்!

அரசு மருத்துவமனைக்கு அழைத்தோடினேன். இதயத்தின் துடிப்பை வரைந்து பார்த்தார்கள்; கோடுகள் ஒழுங்காகவே ஓடின. மீண்டும் குருதி எடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் முடிவு வந்தது: 4.4. பழுதேதும் இல்லை. பெரியவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை. அங்கிருந்த மருத்துவர் அம்மையார் முதல் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தக் குருதியை எங்கே எடுத்தார்கள்?" என்று கேட்டார்.

ஊர்தோறும் நாவசைத்து உண்டு உறங்குபவன் நான். அன்று எனக்கு நா எழவில்லை. காரணம், அந்தக் குருதியை எடுத்தது எங்கள் முகாமில். நாங்கள் கொட்டகை போட்டு, கொடி கட்டி, ஒலிபெருக்கி வைத்து நடத்திய இலவச மருத்துவப் பரிசோதனை முகாமில்.

என்ன நடந்தது அங்கே? அதைச் சொல்வதற்கு முன், குருதி என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் பார்த்துக்கொள்வோம். "எங்கள் உடம்பில் ஓடுவது செங்குருதி" என்று மேடையிலே ஆயிரம் முறை முழங்கியவன் நான். அது எப்படிச் சிவந்தது என்று ஒருமுறையும் கேட்டதில்லை!

ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் ஏறத்தாழ நாற்பத்தைந்து இலட்சம் முதல் ஐம்பது இலட்சம் வரை சிவப்பணுக்கள் மிதக்கின்றன. நடுவே குழிந்த வட்டில் போன்ற உருவம். குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஏறத்தாழ 120 நாள் வாழ்வு. அந்த வாழ்நாள் முழுதும் உயிர்க்காற்றைச் சுமந்து திரியும் கூலித் தொழிலாளி அந்த அணு. அதற்குச் சுவர் உண்டு. சுவர் என்பதைவிடத் தோல் என்பதே பொருந்தும், அவ்வளவு மெல்லியது. அந்தத் தோலுக்கு உள்ளே ஓர் உலகம், வெளியே ஓர் உலகம். வெளியே உள்ள நீரில் பொட்டாசியம் கொஞ்சமே இருக்கும். உள்ளேயோ அதைப்போல் இருபது மடங்குக்கும் மேல்!

களஞ்சியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரின் நெல்லெல்லாம் களஞ்சியத்துக்குள் இருக்கிறது. தெருவிலே சிந்திக் கிடப்பது சில மணிகள். தெருவில் எத்தனை மணி கிடக்கிறது என்று எண்ணுவதுதான் அதிகாரியின் வேலை. அவன் வந்து சேர்வதற்குள் எவனோ களஞ்சியத்தின் சுவரை இடித்துவிட்டான்! நெல் தெருவெல்லாம் கொட்டிக் கிடக்கிறது. அதிகாரி எண்ணுகிறான், ஒரு மணி விடாமல் எண்ணுகிறான், நேர்மையாகவே எண்ணுகிறான். எண்ணி முடித்து எழுதுகிறான்: "இந்த ஊர்த் தெருவிலே நெல் மலைபோல் குவிந்து கிடக்கிறது." கணக்கில் பிழை இல்லை. ஆனால் ஊரைப்பற்றி அவன் எழுதியது முழுப்பொய்.

பெரியவரின் பொட்டாசியம் 6.9 என்று எழுதிய எந்திரமும் அந்த அதிகாரிதான். குழாயில் இருந்ததை எந்திரம் சரியாகவே அளந்தது. குழாயில் இருந்தது பெரியவரின் உடம்பில் இல்லை!

இப்படி அணு உடைவதைக் குருதிச் சிதைவு என்கிறோம். மருத்துவமனையிலே 'ஹீமோலைசிஸ்' என்பார்கள். குருதி உறைந்தபின் குழாயைச் சுழற்றினால் மேலே தெளியும் நீர் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். அணுக்கள் உடைந்திருந்தால் அது இளஞ்சிவப்பாகும்; மிக உடைந்திருந்தால் நாவற்பழச் சாறு போலாகும். பொட்டாசியம் மட்டுமா ஏறுகிறது? அணுவுக்குள் இருக்கும் மக்னீசியமும் பாஸ்பேட்டும் வெளியே கொட்டுகின்றன. ஈரல் கெட்டிருக்கிறதா என்று பார்க்க அளக்கும் நொதி ஒன்று அணுவுக்குள்ளும் இருக்கிறது. அது கலந்துவிட்டால், நல்ல ஈரலும் நோயுற்ற ஈரலாகத் தாளில் தோன்றும். சில அளவுகளோ இறங்குகின்றன. உடைந்த அணுவிலிருந்து வரும் ஒரு நொதி இன்சுலினையே தின்றுவிடும். போதாக்குறைக்கு, பல சோதனைகள் நிறத்தைப் பார்த்து அளப்பவை. சிவப்பு கலந்த நீரிலே நிறம் பார்ப்பது, செம்மண் வெள்ளத்தில் முகம் பார்ப்பது போலத்தான்.

அணு ஏன் உடைகிறது? உடம்புக்குள்ளேயே உடைக்கும் நோய்களும் உண்டு. அவை வேறு கதை. குழாயிலே உடைவதில் பெரும்பாலானவை மனிதர் கையால் உடைபவை. ஊசி மிக மெல்லியதாக இருந்தால் உடையும். சிரிஞ்சியின் தண்டை அவசரமாக இழுத்தால் உடையும். இழுத்த குருதியை அதே ஊசி வழியாகக் குழாய்க்குள் அழுத்திப் பாய்ச்சினால் உடையும். குழாயைத் தலைகீழாக மெல்லக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். மோர் கடைவதுபோல் குலுக்கினால் உடையும். கையிலே கட்டும் ரப்பர் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் விட்டுவைக்காதே என்கிறார்கள் அறிந்தவர்கள். "கையை மூடித் திற, மூடித் திற" என்று சொல்கிறோமே, அதனால் அணு உடையாமலேயே பொட்டாசியம் ஏறுமாம்! எனக்கும் அப்படித்தான் எடுத்தார்கள்; நானும் வீரமாக மூடித் திறந்திருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. ஊதா மூடிக் குழாயிலே குருதி உறையாமல் காக்க ஒரு மருந்து பூசியிருக்கிறார்கள். அந்த மருந்தே பொட்டாசியம் உப்பு. ஒரு குழாயில் குருதி குறைந்துவிட்டது என்று ஊதாக் குழாயிலிருந்து சிறிது ஊற்றி நிரப்பினால் தீர்ந்தது கதை. பொட்டாசியம் வானத்துக்கு ஏறும், கால்சியம் பாதாளத்துக்கு இறங்கும். தாளைப் பார்த்த மருத்துவர், "இவர் எப்படி உயிரோடு இருக்கிறார்?" என்று வியப்பார்.

எந்திரம் இதைக் கண்டுகொள்ளாதா என்று கேட்பீர்கள். இன்றைய பெரிய ஆய்வுக்கூட எந்திரங்கள் பல, நீரின் சிவப்பை ஒளி பாய்ச்சி அளந்து, "இது சிதைந்தது" என்று குறிப்பெழுதும் ஆற்றல் பெற்றவை. ஆனால் அவசரப் பிரிவில் கட்டிலருகே வைத்து முழுக் குருதியையே அளக்கும் சிறு எந்திரங்களில் பலவற்றுக்கு அந்தக் கண் இல்லை. முழுக் குருதி எப்போதும் சிவப்புத்தானே? சிவப்புக்குள் சிவப்பை எப்படிக் காண்பது?

இத்தாலியிலே பதுவா நகரத்து மருத்துவமனையின் அவசர ஆய்வுக்கூடத்தில் நடந்த தவறுகளை எண்ணிப் பார்த்து 1997-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 189 தவறுகள். அவற்றில் நூற்றுக்கு 68-க்கு மேல், குழாய் எந்திரத்துக்குள் போவதற்கு முன்பே நடந்தவை! பத்தாண்டு கழித்து அதே இடத்தில் மீண்டும் எண்ணினார்கள். அப்போதும் நூற்றுக்கு ஏறத்தாழ 62. ஆய்வுக்கூடம் என்றால் நாம் பளபளக்கும் எந்திரத்தைக் காண்கிறோம், படம் எடுக்கிறோம், திறப்பு விழா நடத்துகிறோம். தவறோ எந்திரத்துக்கு வெளியே, ஒரு கட்டிலின் ஓரத்தில், ஒரு வண்டியின் பின்னிருக்கையில், ஒரு கொட்டகையின் மூலையில் நடந்துகொண்டிருக்கிறது.

எங்கள் கொட்டகைக்கு வருகிறேன்.

காலை ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை, வெறும் வயிற்றில் வந்த 140 பேரிடம் குருதி எடுத்தார்கள். எடுத்தவர்கள் தனியார் ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து வந்த இரு பெண்கள். அவர்கள் கையிலே குறையில்லை. குழாய்கள் பத்து மணிக்குப் புறப்பட்டிருக்க வேண்டும். புறப்படவில்லை! ஏன்? வண்டி ஓட்டும் தம்பி மேடைக்கு நாற்காலி ஏற்றிக்கொண்டிருந்தான். பிறகு சிறப்பு விருந்தினர் வரக் காத்திருந்தோம். பிறகு... பிறகு நான் பேசினேன். ஒன்றே கால் மணி நேரம் பேசினேன். "உங்கள் உடல்நலமே எங்கள் உயிர்நலம்" என்று பேசினேன், கைதட்டினார்கள்! தகரக் கொட்டகையின் கீழே, சித்திரை வெயிலிலே, 140 பேரின் குருதி வெந்துகொண்டிருந்தது.

இதைக் கண்ட ஒரு தொண்டன் இரக்கப்பட்டான். நல்ல பிள்ளை. எலுமிச்சைச் சாற்றுக்காக உடைத்து வைத்திருந்த பனிக்கட்டியை அள்ளி, தெர்மோகோல் பெட்டியில் கொட்டி, அதன்மேல் குழாய்களை அடுக்கினான். அதுவும் தவறு என்று யாருக்குத் தெரியும்? குளிர் வேண்டும்தான், ஆனால் பிரிக்காத குருதி பனிக்கட்டியைத் தொட்டுக் கிடக்கக் கூடாது. அணுவின் தோலிலே பொட்டாசியத்தை உள்ளே இழுத்து வைத்திருக்கும் ஒரு பொறி இருக்கிறது. குளிரிலே அந்தப் பொறி ஓய்ந்துவிடும். ஓய்ந்தால் உப்பு கசியும். கசிவது போதாதென்று, பனியை ஒட்டிய குழாயில் குருதி உறைபனியானால் அணு வெடித்தே போகும். அதன்பின் இருபது மைல் சாலை. அந்தச் சாலையைப்பற்றி எழுதினால் கட்டுரை வேறு திசையில் போய்விடும். வேகத்தடை எத்தனை என்று மட்டும் எண்ணினேன், பதினேழு.

இனி, பெரியவரை அச்சுறுத்திய அந்த 6.9-ஐவிடக் கொடிய ஒன்றைச் சொல்கிறேன். பொய்யாகப் பயமுறுத்தும் எண் ஒருவனை மருத்துவமனைக்கு ஓட்டும். அங்கே விழிப்புள்ள மருத்துவர் இருந்தால் மறுமுறை எடுத்துப் பார்த்துப் பிழைக்க வைப்பார். விழிப்பில்லாதவர் இருந்தால்? இல்லாத பொட்டாசியத்தை இறக்க மருந்தேற்றுவார். இருக்கிற பொட்டாசியமும் இறங்கும். அதனாலும் இதயம் தடுமாறும். இது ஒரு கொடுமை. ஆனால் பொய்யாகத் தேற்றும் எண் இருக்கிறதே, அது யாரையும் எங்கும் ஓட்டுவதில்லை. வீட்டிலே உட்கார வைக்கும். பாயசம் குடிக்க வைக்கும்.

உண்மையிலேயே பொட்டாசியம் குறைந்து தளர்ந்து கிடப்பவரின் குழாயில் அணு உடைந்தால், தாளிலே வரும் எண் என்ன? 4.2! அழகான எண், ஆபத்தை மூடிய எண். சர்க்கரையோ இன்னும் வஞ்சகமானது. குழாயில் கிடக்கும் அணுக்கள் உயிரோடிருப்பவை. உயிரோடிருப்பதால் பசி உண்டு. பசியால் குழாயிலுள்ள சர்க்கரையை உண்ணும். மணிக்கு நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு பங்கு வரை குறையும் என்பது கணக்கு. வெயிலிலே இன்னும் விரைவு. அதைத் தடுக்கத்தான் சாம்பல் மூடிக் குழாய் இருக்கிறது. எங்கள் முகாமில் எண்பது பேருக்குப் பிறகு சாம்பல் மூடி தீர்ந்துவிட்டது. மீதி அறுபது பேரின் சர்க்கரையை, வெயிலில் கிடந்த சாதாரணக் குழாயிலிருந்தே அளந்தார்கள்.

சத்துணவுக் கூடத்தில் வேலை பார்க்கும் அம்மாள் ஒருவர். அந்த அறுபதில் அவரும் ஒருவர். தாளிலே 98. "எனக்குச் சர்க்கரை இல்லை" என்று தெருவெல்லாம் சொல்லி மகிழ்ந்தார். அவர் எண்ணை நினைவில் வையுங்கள், திரும்பி வருவேன்.

"தகரக் கொட்டகையில் நடந்த தவறு இது, தங்கமும் தரமான எந்திரமும் இருக்குமிடத்தில் நடக்குமா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களை அமெரிக்காவுக்கு அழைக்கிறேன்.

2003-ஆம் ஆண்டு. கலிபோர்னியாவிலே ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் படித்த எலிசபெத் ஹோம்ஸ் என்ற 19 வயதுப் பெண், பின்னர் தெரானோஸ் என்று பெயர் பெற்ற நிறுவனத்தைத் தொடங்கினார். படிப்பைப் பாதியில் விட்டார். (நானும் கல்லூரியைப் பாதியில் விட்டவன்தான். ஆனால் நான் நாடகம் எழுதப் போனேன். அவர் நாடகத்தை நடத்தவே போய்விட்டார்.) விரல் நுனியில் ஒரு குத்து, சில துளி குருதி, அதிலே எத்தனையோ சோதனைகள்! கேட்டவர்கள் சொக்கினர். இயக்குநர் குழுவில் யார் யார்? அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர்கள் ஹென்றி கிசிங்கரும் ஜார்ஜ் ஷுல்ட்ஸும். முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் வில்லியம் பெரி. படைத்தளபதியாக இருந்த ஜேம்ஸ் மாட்டிஸ். பணம் போட்டவர்களில் பத்திரிகை அரசர் ரூபர்ட் மர்டாக் ஒருவர். அவர் போட்டது 12.5 கோடி டாலர். 2014-இல் நிறுவனத்தின் மதிப்பு 900 கோடி டாலர் என்றார்கள். 2015 ஜூலையில் அப்போதைய துணைக் குடியரசுத் தலைவர் ஜோ பைடனே ஆய்வுக்கூடத்துக்கு வந்து, எதிர்காலத்தின் ஆய்வுக்கூடம் இது என்று புகழ்ந்தார்.

எல்லோரும் பார்த்தார்கள், விரலை யாரும் பார்க்கவில்லை!

நரம்பிலே ஊசி போட்டால் குருதி தானே ஓடி வரும். விரல் நுனியில் குத்தினால் ஓடி வராது, ஊறித்தான் வரும். அவசரப்படுபவன் என்ன செய்வான்? பிழிவான். பிழிந்தால் என்ன ஆகும்? அணு உடையும், சதையிலுள்ள நீரும் கலக்கும். அத்தனை சிறிய துளி, பெரிய எந்திரத்துக்குப் போதாது. ஆகவே அதிலே நீர் கலந்து பெருக்கி, பிற நிறுவனங்களிடம் வாங்கிய எந்திரங்களிலே அளந்தார்கள். தங்கள் சொந்தப் பொறியிலே அளந்தவை சில சோதனைகளே. தெரானோசின் தவறுகள் பல. சிதைந்த குருதி அவற்றில் ஒன்றுதான். ஆனால் அந்த ஒன்று, பொட்டாசியத்திலே தலைகாட்டியது. வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இதழில் 2015 அக்டோபரில் இந்த மோசடியை முதலில் வெளியிட்ட ஜான் கேரிரூ, பின்னர் எழுதிய நூலிலே சொல்கிறார்: அங்கே வந்த பொட்டாசிய எண்களில் சில, செத்தவருக்குத்தான் பொருந்தும்!

பெரியவர் என் திண்ணையில் அமர்ந்திருந்த காட்சி உங்களுக்கு நினைவு வருகிறதா? எனக்கு வந்தது.

பிழிந்தால் வராதது எதுவும் இல்லை, தோழர்களே. பத்துப்பேர் உள்ள கிளையிலிருந்து நூறுபேர் என்று கணக்கு வருகிறதே, அது எப்படி வருகிறது என்று நமக்குத் தெரியாதா? சரி, அந்த வம்பு இன்று வேண்டாம்.

அரிசோனா மாநிலத்திலே மட்டும் 1,75,940 பேர் தெரானோசிடம் குருதிச் சோதனை வாங்கினார்கள். 2013-க்கும் 2016-க்கும் இடையில் அவர்களுக்குத் தரப்பட்ட முடிவுகளில் நூற்றுக்குப் பத்துக்கும் மேற்பட்டவற்றை, நிறுவனமே பின்னர் செல்லாதவை என்றோ திருத்தப்பட்டவை என்றோ அறிவித்தது. அங்கே நடந்ததைக் கண்டு, "இது தவறு" என்று சொன்னவர் யார்? கிசிங்கரா? தளபதியா? இல்லை. கல்லூரி முடித்து வந்த இளம்பெண் எரிகா செங். அவரைப்போலவே இளைஞரான டைலர் ஷுல்ட்ஸ். இந்த டைலர் யார் என்று நினைக்கிறீர்கள்? முன்னாள் அமைச்சர் ஜார்ஜ் ஷுல்ட்ஸின் சொந்தப் பேரன்! மேசைக்கு அந்தப் பக்கம் தாத்தா, இயக்குநர் நாற்காலியில். இந்தப் பக்கம் பேரன், சோதனைக் குழாயோடு. பேரன் சொன்னான், தாத்தா பேரனை நம்பவில்லை, நிறுவனத்தை நம்பினார். இதைவிடச் சிறந்த நாடகக் காட்சியை நான் எழுதப் போவதில்லை. எரிகா செங் 2015-இல் அரசு ஆய்வுத் துறைக்குக் கடிதம் எழுதினார்; அதிகாரிகள் வந்தார்கள்; நோயாளிகளின் உயிருக்கும் நலத்துக்கும் உடனடி ஆபத்து என்று 2016 ஜனவரியில் எழுதினார்கள். 2018-இல் நிறுவனம் மூடப்பட்டது.

தீர்ப்பையும் சொல்ல வேண்டும். 2022 ஜனவரியில் ஹோம்ஸ் குற்றவாளி என்றது நடுவர் குழு. எந்தக் குற்றத்துக்கு? பணம் போட்டவர்களை ஏமாற்றிய குற்றத்துக்கு! குருதி கொடுத்தவர்களை ஏமாற்றினார் என்ற குற்றச்சாட்டுகளிலிருந்து அவர் விடுதலை செய்யப்பட்டார். 11 ஆண்டு 3 மாதச் சிறை. அவரோடு நிறுவனத்தை நடத்திய ரமேஷ் பால்வானி தனி வழக்கிலே, நோயாளிகளை ஏமாற்றிய குற்றத்துக்கும் சேர்த்துத் தண்டிக்கப்பட்டார் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் ஹோம்ஸ் வழக்கின் தீர்ப்பைப் படித்தபோது என் நெஞ்சிலே ஒன்று குத்தியது. கோடி கொடுத்தவனுக்குக் கிடைத்த நீதி, துளி கொடுத்தவனுக்குக் கிடைக்கவில்லை!

அமெரிக்காவைப் பழித்துவிட்டேன். என்னைப் பழிக்க இன்னும் பாக்கியிருக்கிறது.

முகாம் நடந்த அன்று மாலை, ஆய்வுக்கூடத்திலிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. காலையில் குருதி எடுத்த இருவரில் ஒருவர். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். தயங்கித் தயங்கித்தான் பேசினார்.

"சார், சுழற்றிப் பார்த்தோம். பாதிக்கு மேலே சிவந்து கிடக்கிறது. இதிலே சோதனை செய்யக் கூடாது. மறுபடி எடுக்க வேண்டும்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? அமைச்சர் தாத்தா சொன்னதைத்தான் சொன்னேன், என் தரத்துக்கு ஏற்றபடி. "அம்மா, 140 பேரை மறுபடி எங்கே போய் அழைப்பது? நாளை மறுநாள் அறிக்கை கொடுக்கும் விழா வைத்திருக்கிறோம், அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. இருப்பதை வைத்துப் பார்த்துக் கொடுங்கள்."

அவர் இன்னொருமுறை சொன்னார். நான் அவருடைய முதலாளியிடம் பேசினேன். முதலாளிக்கு நான் வேண்டியவன். அடுத்த முகாமும் வேண்டும். அறிக்கைகள் வந்துவிட்டன.

ஒவ்வோர் அறிக்கையின் அடியிலும், எறும்பு ஊர்வதுபோன்ற சிறிய எழுத்தில், ஆங்கிலத்திலே ஒரு வரி இருந்தது: மாதிரி சிதைந்தது, மீண்டும் எடுக்கவும். அந்தப் பெண் எழுதியது. தன்னால் முடிந்ததை அவர் செய்திருக்கிறார். பெரிய எழுத்தில் எண். சிறிய எழுத்தில் உண்மை. என் பெரியவருக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்கு ஓரளவு தெரியும். நான் அடி வரை படிக்கவில்லை. விழா மேடையில் 140 தாளையும் என் கையாலேயே கொடுத்தேன்.

குருதி எடுப்பவருக்கும், குழாயைச் சுழற்றுபவருக்கும், "இது கெட்டது, அளக்க மாட்டேன்" என்று சொல்லும் அதிகாரம் வேண்டும். இதைச் சொல்லும்போதே எனக்குத் தெரிகிறது, அந்த அதிகாரம் ஏட்டிலே இருக்கிறது. தரம் பேணும் ஆய்வுக்கூடங்கள் எல்லாம் மாதிரியை நிராகரிக்கும் விதியை எழுதி வைத்திருக்கின்றன. ஏட்டில் இருப்பது வேறு, மாதச் சம்பளத்துக்கு அஞ்சி நிற்கும் ஒரு பெண்ணின் வாயில் இருப்பது வேறு. தொலைபேசியின் இந்த முனையில் என்னைப் போன்ற ஒருவன் இருக்கும்போது, அந்த விதி அந்தப் பெண்ணைக் காப்பாற்றியதா? கோடிக்கு எந்திரம் வாங்கலாம். எந்திரத்தின் முன்னால் நிற்பவருக்கு "முடியாது" என்று சொல்லும் உரிமை இல்லையென்றால், அந்த எந்திரம் சிதைந்த குருதியை மிகத் துல்லியமாக அளந்துகொண்டே இருக்கும். பணி நிரந்தரமில்லாத, ஒப்பந்தக் கூலிக்கு நிற்கிற ஒருவரிடம் அந்த உரிமையை எதிர்பார்ப்பது நியாயமும் அன்று. பரிசோதனைத் தாளின் நம்பகத்தன்மை என்று நாம் பேசுவதில் பாதி, அவருடைய வேலைப் பாதுகாப்பைப் பற்றிய பேச்சுத்தான்.

நாம் ஆண்டுதோறும் முகாம் நடத்துகிறோம். ஒவ்வோர் ஊரிலும் நடத்துகிறோம். இனி நடத்துவோருக்கு, என் தோல்வியிலிருந்து சிலவற்றைச் சொல்லும் உரிமை எனக்குண்டு. குழாய்க்கென்று தனி வண்டி வையுங்கள்; அந்த வண்டி நாற்காலி ஏற்றக் கூடாது. குருதி எடுக்கும் இடத்துக்கே சுழற்றும் கருவியைக் கொண்டுவர முடியுமா என்று ஆய்வுக்கூடத்தாரிடம் கேளுங்கள். பலரிடம் சிறு கருவி இருக்கிறது, நாம் கேட்பதில்லை. பனிக்கட்டிக்கும் குழாய்க்கும் நடுவே துணியோ அட்டையோ இருக்கட்டும். சாம்பல் மூடிக் குழாய்களை எண்ணி வாங்குங்கள். தீர்ந்துவிட்டால் சர்க்கரைச் சோதனையை அன்றைக்கு நிறுத்துங்கள். "மறுபடி எடுக்க வேண்டும்" என்று அவர்கள் சொன்னால், அழைப்பிதழைக் கிழித்துப் போடுங்கள்.

பெரியவரை வீட்டில் விட்டுவிட்டு, அன்றிரவே நான் அந்த ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். அந்தப் பெண் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார்! அவர் என்னிடம்! தடுத்துவிட்டேன். மறுநாள் முதல் அவரும் அவர் தோழியும், நானும் கிளைத் தோழர்கள் நால்வரும், விடியற்காலை ஐந்தரை மணிக்கு வீடு வீடாகப் போனோம். கதவைத் தட்டி, "நாங்கள் கொடுத்த தாள் தவறு, கையை மறுபடி நீட்டுங்கள்" என்று சொல்வது, தேர்தலிலே வாக்குக் கேட்பதைவிடக் கடினமாக இருந்தது. சிலர் திட்டினார்கள். ஒரு பாட்டி, "எத்தனை தடவை உறிஞ்சுவீர்கள்?" என்று கேட்டார். பதினைந்து குழாய் சேர்ந்தவுடன் வண்டி புறப்பட்டது. ஏழு மணிக்குள் ஆய்வுக்கூடம். பேச்சு இல்லை, மாலை இல்லை, ஒலிபெருக்கி இல்லை.

சத்துணவுக் கூடத்து அம்மாளுக்கு இம்முறை 138. வெறும் வயிற்றில் 126-ஐத் தாண்டினாலே சர்க்கரை நோயின் எல்லை. மருத்துவரிடம் சென்று, இன்னொரு நாளும் பார்த்து உறுதி செய்து, மருந்து தொடங்கியிருக்கிறார். 98 என்ற தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். வாங்கி என் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

140-இல் 131 பேரிடம் மீண்டும் எடுத்தாகிவிட்டது. ஐவர் மறுத்துவிட்டார்கள். மீதி நால்வர் வேலை தேடித் திருப்பூர்ப் பக்கம் போயிருக்கிறார்கள், முகவரி கிடைக்கவில்லை. அவர்கள் கையிலே இன்னும் எங்கள் தாள்தான் இருக்கிறது.